பூனை தூங்கிவிட்டது

வாசிப்பதற்கு முன்

உங்களுக்கு மிகவும் பிடித்த கணினி விளையாட்டு எது? அதை விளையாடத் தொடங்கினால் எப்போது நிறுத்துவீர்கள்? நிறுத்துவது நீங்களா, விளையாட்டா? உங்கள் நண்பருடன் கலந்துரையாடிய பின் இப்பகுதியைப் படியுங்கள். உயர்நிலை இரண்டாம் வகுப்பில் பயிலும் கவின் தன் அனுபவத்தை நம்முடன் பகிர்ந்துகொள்கிறான்.

ஐவர் அணி

“கவின், மணி ஆறாகிவிட்டது. எழுந்திரு!”

எங்கள் வீட்டில் கடிகாரத்தின் மணியைவிடப் பாட்டியின் குரல்தான் முதலில் ஒலிக்கும். ஈசூனில் ஒன்பதாம் மாடியில் இருக்கிறது எங்கள் வீடு. அந்நேரத்தில் சன்னல் வழியாகப் பார்த்தால் வெளியே இன்னும் இருட்டாகத்தான் இருக்கும். அப்பா பேருந்து ஓட்டுநர். அவர் விடியற்காலையிலேயே வேலைக்குச் சென்றிருப்பார். அம்மா மருத்துவமனையில் தாதியாகப் பணியாற்றுகிறார். அவருக்கு இரவு வேலை இருக்கும் நாள்களில், நான் பள்ளிக்குப் புறப்பட்ட பிறகுதான் வீடு திரும்புவார். அதனால், என்னை எழுப்பி, மைலோ கலக்கிக் கொடுத்து, வாசல்வரை வந்து வழியனுப்பும் பொறுப்பைப் பாட்டியே ஏற்றுக்கொண்டார்.

பள்ளியில் கொடியேற்றம், தேசிய கீதம், உறுதிமொழி. பிறகு கணிதம், அறிவியல், ஆங்கிலம் என்று பாடங்கள் வரிசையாக வரும். கைத்தொலைபேசியைக் காலையிலேயே பைக்குள் வைத்துவிட வேண்டும் என்பது எங்கள் பள்ளியின் விதி. ஆனால், கைத்தொலைபேசி பைக்குள் இருந்தாலும் விளையாட்டு என் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும்.

இடைவேளையில் சிற்றுண்டிச்சாலையின் கடைசி மேசை எங்களுடையது. வெய் ஜியே, ஹாஃபிஸ், நான், இன்னும் இருவர். தட்டில் மீ கோரெங் ஆறிக்கொண்டிருக்கும். நாங்கள் முந்தைய நாள் ஆட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம். உயர்நிலை ஒன்றில் நான் சேர்ந்த முதல் நாள் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. என் தொடக்கப்பள்ளியிலிருந்து வந்தவர் யாரும் என் வகுப்பில் இல்லை. யாரிடம் பேசுவது என்று தெரியாமல் அமர்ந்திருந்தேன். அப்போது வெய் ஜியேயின் பென்சில் பெட்டியில் ஒட்டியிருந்த வீரனின் படத்தைப் பார்த்தேன். “நீயும் இதை விளையாடுவாயா?” என்று கேட்டேன். அந்த ஒரு கேள்வியில் எனக்கு நான்கு நண்பர்கள் கிடைத்தார்கள்.

அது ஐவர் ஐவராக மோதும் விளையாட்டு. ஒவ்வொருவருக்கும் ஒரு பணி உண்டு. என் பணி காவலன். முன்னால் நின்று எதிரிகளின் அடிகளைத் தாங்க வேண்டும். நான் விலகினால் என் பின்னால் இருக்கும் நால்வரும் வீழ்ந்துவிடுவர். இணையத் தொடர்பு நின்று போனாலும் ஓடிப்போய் மீண்டும் இணைத்துக்கொண்டு வந்துவிடுவேன். “கவின் அணியைக் கைவிடமாட்டான்” என்று ஹாஃபிஸ் எல்லாரிடமும் சொல்வான். அதைக் கேட்கும்போது எனக்குப் பெருமையாக இருக்கும்.

மூவர் அணி

மார்ச் மாதத்தில் எங்கள் தமிழாசிரியர் திருமதி செல்வி ஒரு திட்டத்தோடு வகுப்புக்கு வந்தார்.

“ஏப்ரல் மாதம் தமிழ்மொழி விழா நடைபெறும் என்பது உங்களுக்குத் தெரியும். அதையொட்டி, பக்கத்துத் தொடக்கப்பள்ளியிலிருந்து இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் நம் பள்ளிக்கு வரப்போகிறார்கள். அவர்கள் தமிழை விளையாடிக்கொண்டே கற்க ஏதாவது செய்ய வேண்டும். மூவர் மூவராகச் சேர்ந்து செய்யுங்கள்.”

யாழினி, இர்ஃபான், நான் ஆகிய மூவரும் ஓர் அணியானோம். கணினி விளையாட்டு ஒன்றை உருவாக்கலாம் என்று நான்தான் சொன்னேன். தொடக்கப்பள்ளியில் படித்தபோது ஸ்கிராட்ச் என்னும் மென்பொருளைக் கொண்டு நிரல் எழுதக் கற்றிருந்தேன். அமெரிக்காவில் உள்ள மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் உருவாக்கப்பட்டு, 2007ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட இலவச மென்பொருள் அது. வண்ணக் கட்டங்களாக இருக்கும் கட்டளைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால் போதும். திரையில் உள்ள ஆரஞ்சு நிறப் பூனை நாம் சொன்னபடி நடக்கும், தாவும், பேசும்.

எங்கள் விளையாட்டு மிகவும் எளிமையானது. பூனை ஒரு பாதையின் பிரிவில் வந்து நிற்கும். “புலி” என்று ஒரு குரல் கேட்கும். இடப்பக்கம் புலியின் படம். வலப்பக்கம் புளியின் படம். சரியான பக்கம் விசையை அழுத்தினால் பூனை முன்னேறும். தவறினால் ஓர் அடி பின்வாங்கும். இப்படியே மழை–மலை, பள்ளி–பல்லி, வாழை–வாளை, ஒளி–ஒலி என்று பன்னிரண்டு சோடிச் சொற்களைத் தேர்ந்தெடுத்தோம். லகர, ளகர, ழகரங்களைக் காதால் பிரித்தறியச் சிறுவர்களுக்கு இது நல்ல பயிற்சி என்று ஆசிரியரும் பாராட்டினார்.

வேலையைப் பங்கிட்டுக்கொண்டோம். யாழினி தெளிவாகத் தமிழ் பேசுவாள். அவள் சொற்களைப் பதிவு செய்தாள். இர்ஃபான் நன்றாக வரைவான். பன்னிரண்டு சோடிக்கும் இருபத்து நான்கு படங்கள். மூன்று மாலை வேளைகளில் இணைப்பாட நடவடிக்கை முடிந்த பிறகு பள்ளி நூலகத்தில் அமர்ந்து எல்லாவற்றையும் கையாலேயே வரைந்து முடித்தான். ‘ஒலி’ என்பதை எப்படி வரைவது என்று ஒரு மாலை முழுவதும் யோசித்தான். கடைசியில், காதருகே கையை வைத்துக் கேட்கும் ஒரு பாட்டியை வரைந்தான். அதைப் பார்த்து நாங்கள் கைதட்டினோம்.

படங்களையும் ஒலிப்பதிவுகளையும் விளையாட்டில் இணைப்பது என் பணி. திங்கட்கிழமை பிற்பகல் ஐந்து பிள்ளைகள் வந்து விளையாடிப் பார்ப்பதாக ஏற்பாடு. “ஞாயிறு இரவுக்குள் முடித்துவிடுவேன்” என்று உறுதியளித்தேன்.

ஒரே ஓர் ஆட்டம்

ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டரை மணிக்கு மடிக்கணினியைத் திறந்தேன். முதல் படத்தை இணைத்துக்கொண்டிருந்தபோது கைத்தொலைபேசி ஒலித்தது. வெய் ஜியேயிடமிருந்து செய்தி. “இன்று இரவோடு இந்தப் பருவம் முடிகிறது. இன்னும் இரண்டு வெற்றி பெற்றால் அடுத்த தகுதிநிலை. வருகிறாயா?”

‘ஒரே ஓர் ஆட்டம்தானே. இருபது நிமிடம்’ என்று எண்ணினேன்.

முதல் ஆட்டத்தில் தோற்றோம். தோல்வியோடு எப்படி எழுந்து போவது? இரண்டாவது ஆட்டத்தில் வென்றோம். வெற்றி கைகூடும் நேரத்தில் எப்படி நிறுத்துவது? மூன்றாவது ஆட்டத்தில் மீண்டும் தோல்வி. அம்மாவுக்கு அன்று இரவு வேலை. அப்பா அதிகாலையில் எழ வேண்டும் என்பதால் பத்து மணிக்கே உறங்கச் சென்றார். பாட்டி என் அறைக் கதவைத் திறந்து, “இன்னும் படிக்கிறாயா ஐயா? சீக்கிரம் தூங்கு” என்று சொல்லிவிட்டுப் போனார். மடிக்கணினி என் முன்னால் திறந்தே இருந்தது. அதனால் நான் படிப்பதாகவே அவர் நினைத்துக்கொண்டார். நான் மறுத்துப் பேசவில்லை.

அடுத்த தகுதிநிலையை எட்டியபோது மணி 1.40. எல்லாரும் மகிழ்ச்சியில் கத்தினார்கள். நானும் போர்வைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு கத்தினேன். பிறகு மடிக்கணினியைப் பார்த்தேன். ‘காலையில் சீக்கிரம் எழுந்து செய்துவிடலாம்’ என்று நினைத்தபடி கண்களை மூடினேன்.

காலையில் பாட்டி மூன்று முறை எழுப்பியும் நான் எழவில்லை. பேருந்தைத் தவறவிட்டேன். கொடியேற்றத்திற்குத் தாமதமாகச் சென்றேன். கணித வகுப்பில் கண்கள் தாமாகவே மூடிக்கொண்டன. இடைவேளையில் ஓடிப்போய் இரண்டு படங்களை இணைத்தேன். அதற்குள் மணி அடித்துவிட்டது.

பேசாத பூனை

பிற்பகல் இரண்டரை மணி. ஐந்து பிள்ளைகள் கணினி அறைக்குள் ஆவலோடு ஓடிவந்தார்கள். இரட்டைச் சடை போட்ட ஒரு சிறுமி முதல் நாற்காலியில் ஏறி அமர்ந்தாள்.

பூனை நடந்து வந்து பாதையின் பிரிவில் நின்றது. குரல் எதுவும் கேட்கவில்லை. இடப்பக்கம் வெறும் வெள்ளைச் சதுரம். வலப்பக்கமும் வெறும் வெள்ளைச் சதுரம்.

“அண்ணா, பூனை ஏன் பேச மாட்டேங்குது?” என்று அவள் என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்.

எனக்குப் பதில் வரவில்லை. இணைத்திருந்த மூன்று படங்களை மட்டும் காட்டினேன். அவை இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டன. யாழினிதான் நிலைமையைச் சமாளித்தாள். வெண்பலகைக்கு முன்னால் நின்று, தன் குரலிலேயே சொற்களைச் சொல்லிப் பிள்ளைகளுக்கு விளையாட்டுக் காட்டினாள். அவர்கள் சிரித்துக்கொண்டே சென்றார்கள்.

இர்ஃபான் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். மேசைமீது கிடந்த இருபத்து நான்கு படங்களையும் எடுத்து, ஓரங்களைத் தட்டிச் சரிசெய்து, கோப்பில் வைத்துக்கொண்டான். காதருகே கையை வைத்துக் கேட்கும் பாட்டியின் படம் மேலே இருந்தது.

“நேற்று உடல்நலம் சரியில்லையா?” என்று மட்டும் கேட்டான்.

ஆம் என்று சொல்லியிருக்கலாம். அவன் நம்பியிருப்பான். ஆனால், அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “இல்லை. விளையாடிக்கொண்டிருந்தேன்” என்றேன்.

அவன் தலையை அசைத்துவிட்டுக் கிளம்பினான். அன்று மாலை பேருந்தில் ஹாஃபிஸ் சொல்லும் வாக்கியம் எனக்கு நினைவுக்கு வந்தது. ‘கவின் அணியைக் கைவிடமாட்டான்.’ திரைக்குள் இருந்த ஐவர் அணியை நான் கைவிடவில்லை. பக்கத்தில் இருந்த மூவர் அணியைக் கைவிட்டுவிட்டேன்.

அக்காவின் கேள்வி

என் அக்கா பலதுறைத் தொழிற்கல்லூரியில் விளையாட்டு வடிவமைப்புப் படிக்கிறார். அன்று இரவு நடந்ததையெல்லாம் அவரிடம் சொன்னேன். அவர் அறிவுரை கூறத் தொடங்குவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ ஒரு தாளையும் பேனாவையும் நீட்டினார்.

“நேற்று எத்தனை ஆட்டம் விளையாடினாய்? ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் ஏன் நிறுத்தவில்லை என்று எழுது.”

யோசித்து யோசித்து எழுதினேன். தோற்றதால் நிறுத்தவில்லை. வென்றதால் நிறுத்தவில்லை. நண்பர்கள் காத்திருந்ததால் நிறுத்தவில்லை. அன்றைய பரிசுப் பெட்டியைத் திறக்க இன்னும் ஓர் ஆட்டம் தேவைப்பட்டதால் நிறுத்தவில்லை. பருவம் முடிய இன்னும் இத்தனை மணி நேரம் என்று திரையில் எண்கள் குறைந்துகொண்டே வந்ததால் நிறுத்தவில்லை.

அக்கா தாளைப் படித்துவிட்டுப் புன்னகை செய்தார். “இந்த ஐந்தையும் எங்களுக்குப் பாடமாகவே நடத்துகிறார்கள். வென்றவருக்கும் ஒரு காரணம், தோற்றவருக்கும் ஒரு காரணம் இருக்க வேண்டும். சவால் ஆட்டக்காரரின் திறமையைவிடக் கொஞ்சமே கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும். மிக எளிதாக இருந்தால் சலித்துவிடும். மிகக் கடினமாக இருந்தால் வெறுத்துவிடும். திறமையானவர்கள் பலர் சேர்ந்து யோசித்து உருவாக்கியது அது. அதில் நீ மயங்கியதில் வியப்பில்லை. ஆனால், உன் விளையாட்டில் ‘முற்றும்’ என்று எங்காவது வருகிறதா?”

“இல்லை” என்றேன்.

சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பாவும் எங்கள் பேச்சில் கலந்துகொண்டார். “நான் உன் வயதில் டெட்ரிஸ் விளையாடுவேன். கண்ணை மூடினாலும் கட்டங்கள் விழுந்துகொண்டே இருக்கும். அதற்கும் முடிவே கிடையாது.”

“அதன் கதை தெரியுமா அப்பா?” என்று அக்கா உற்சாகமானார். “1984ஆம் ஆண்டு மாஸ்கோவில் அலெக்சி பஜித்னோவ் என்னும் கணினிப் பொறியாளர் அதை உருவாக்கினார். ஒவ்வொரு வடிவத்திலும் நான்கு சதுரங்கள். கிரேக்க மொழியில் நான்கைக் குறிக்கும் ‘டெட்ரா’ என்ற சொல்லையும், தமக்குப் பிடித்த டென்னிஸ் விளையாட்டின் பெயரையும் சேர்த்து டெட்ரிஸ் என்று பெயர் வைத்தார். ஆட்டக்காரர் தோற்றால்தான் ஆட்டம் முடியும். ஆனால், 2023ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவைச் சேர்ந்த 13 வயது மாணவர் ஒருவர், 1989ஆம் ஆண்டு வெளியான டெட்ரிஸ் பதிப்பை 157ஆம் நிலைவரை கொண்டுசென்றார். ஏறத்தாழ 38 நிமிட ஆட்டம். கடைசியில் அவர் தோற்கவில்லை. விளையாட்டே உறைந்து நின்றுவிட்டது. அந்தப் பதிப்பை அப்படி நிற்கவைத்த முதல் மனிதர் அவர்தான்.”

எனக்குச் சிலிர்த்தது. “அப்படியென்றால், விளையாட்டில் ஆர்வம் கொள்வது தவறில்லைதானே?”

“தவறே இல்லை” என்றார் அக்கா. “அந்த மாணவரின் பயிற்சியும் கவனமும் எவ்வளவு பெரியவை! ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள். உலகச் சுகாதார நிறுவனம் தன்னுடைய நோய் வகைப்பாட்டில் விளையாட்டுக் கோளாறு என்பதையும் சேர்த்திருக்கிறது. 2022 ஜனவரியில் அந்த வகைப்பாடு நடைமுறைக்கு வந்தது. எத்தனை மணி நேரம் விளையாடுகிறோம் என்பதை மட்டும் வைத்து அதை முடிவு செய்வதில்லை. விளையாட்டின்மீது கட்டுப்பாட்டை இழப்பது, மற்ற எல்லாவற்றையும்விட அதற்கே முதலிடம் தருவது, தீங்கு நேர்ந்த பிறகும் அதைத் தொடர்வது ஆகிய மூன்றையும் பார்க்கிறார்கள். பொதுவாக, அந்நிலை 12 மாதங்களுக்காவது நீடித்திருக்க வேண்டும். ஒரு நாள் இரவில் கண் விழித்ததால் உனக்கு அந்தக் கோளாறு வந்துவிடவில்லை. ஆனால், அந்த மூன்றும் அந்த ஓர் இரவில் எட்டிப் பார்த்தன அல்லவா?”

நான் மீண்டும் அந்தத் தாளைப் பார்த்தேன். ‘நிறுத்தவில்லை’ என்ற சொல் ஐந்து முறை இருந்தது.

மறுபடியும் முதலிலிருந்து

மறுநாள் ஆசிரியரிடம் உண்மையைக் கூறி மன்னிப்புக் கேட்டேன். “மன்னிப்பை என்னிடம் மட்டும் கேட்டால் போதாது” என்றார் அவர். யாழினியிடமும் இர்ஃபானிடமும் கேட்டேன். யாழினி உடனே, “சரி, அடுத்த வியாழக்கிழமை பிள்ளைகள் மறுபடி வருகிறார்கள். வேலையைப் பார்” என்றாள். இர்ஃபான் படக்கோப்பை என்னிடம் கொடுத்தான். ஆனால், அதிகம் பேசவில்லை.

அன்றிலிருந்து தினமும் பள்ளி முடிந்ததும் நூலகத்தில் ஒரு மணி நேரம் வேலை செய்தேன். படங்களை இணைப்பது நான் நினைத்ததைவிடக் கடினமாக இருந்தது. ஒரு பெரிய தவறு என்னை மூன்று நாள்கள் அலைக்கழித்தது. ஒருமுறை தவறாக அழுத்தினால் பூனை ஓர் அடி பின்வாங்க வேண்டும். அதுவோ பாதையின் தொடக்கத்திற்கே ஓடிப்போனது!

சலித்துப்போய் மடிக்கணினியை மூட நினைத்தேன். அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. விளையாட்டில் ஓர் எதிரியிடம் பத்து முறை தோற்றாலும் நான் மூடிவிட்டுப் போவதில்லை. எங்கே தோற்றேன் என்று பார்ப்பேன். அடுத்த முறை ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பேன். அதையே இங்கும் செய்தேன். கட்டளைகளை ஒவ்வொன்றாகச் சோதித்தேன். நான் விசையை அழுத்திவிட்டு விரலை எடுப்பதற்குள், கணினி அதைப் பலமுறை அழுத்தியதாகக் கணக்கிட்டுக்கொண்டிருந்தது. ‘விரலை எடுக்கும்வரை காத்திரு’ என்ற ஒரே ஒரு கட்டளையைச் சேர்த்தேன். பூனை ஓர் அடி மட்டும் பின்வாங்கியது. அப்போது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி, அந்த இரவு 1.40 மணிக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைவிடக் குறைந்ததன்று.

இப்போதெல்லாம் ஆட்டக்காரனாக மட்டுமின்றி, ஆட்டத்தை உருவாக்குபவனாகவும் யோசிக்கத் தொடங்கினேன். விடை சொல்ல முதலில் மூன்று விநாடிதான் கொடுத்திருந்தேன். இர்ஃபானின் தம்பி விளையாடிப் பார்த்துவிட்டு, குரலைக் கேட்காமலேயே கண்டபடி அழுத்தினான். நேரத்தை எட்டு விநாடியாக நீட்டினேன். அதன் பிறகுதான் அவன் காதைத் தீட்டிக் கேட்டான்.

போதும் என்னும் சொல்

பன்னிரண்டு சொற்கள் முடிந்த பிறகு என்ன செய்வது என்பதில் எங்களுக்குள் விவாதம் எழுந்தது. “மறுபடியும் முதலிலிருந்து தொடங்கட்டும். பிள்ளைகள் விளையாடிக்கொண்டே இருப்பார்கள்” என்றாள் யாழினி. “மதிப்பெண் பட்டியலும் வைக்கலாம்.”

நான் அந்தத் தாளை நினைத்துக்கொண்டேன். “வேண்டாம். நம் விளையாட்டுக்கு ஒரு முடிவு இருக்கட்டும். பன்னிரண்டாவது சொல் முடிந்ததும் பூனை வீட்டுக்குப் போய்ச் சுருண்டு படுத்துத் தூங்கிவிடட்டும். ‘பூனை தூங்கிவிட்டது. நாளை வா’ என்று எழுத்து வரட்டும்.”

இருவரும் யோசித்தார்கள். “நல்லாத்தான் இருக்கு” என்றாள் யாழினி. “ஆனால், தூங்கும் பூனையின் படம் நம்மிடம் இல்லையே?”

நான் இர்ஃபானைப் பார்த்தேன். கேட்கத் தயக்கமாக இருந்தது. ஏற்கெனவே இருபத்து நான்கு படங்கள் வரைந்தவனிடம் இருபத்தைந்தாவது படத்தை எந்த முகத்தோடு கேட்பது?

அவனே பேசினான். “நாளைக்குள் வரைந்துவிடுவேன். ஆனால், கோப்பில் வைத்துக் கொடுக்கமாட்டேன். நான் வரையும்போது நீ பக்கத்தில் உட்கார். வரைந்து முடித்ததும் என் கண் முன்னாலேயே இணைக்க வேண்டும்.”

மறுநாள் மாலை அவன் பக்கத்தில் அமர்ந்திருந்தேன். பூனையின் வாலை மூக்கின்மீது போர்த்தியதுபோல் வரைந்தான். முக்கால் மணி நேரத்தில் என் கைத்தொலைபேசி இருமுறை அதிர்ந்தது. நான் எடுக்கவில்லை. படம் திரையில் தோன்றியதும், “ஆட்டத்தில் இப்போது நீ எந்த நிலையில் இருக்கிறாய்?” என்று இர்ஃபான் கேட்டான். இரண்டு வாரமாக அவன் என்னிடம் கேட்ட முதல் சாதாரணக் கேள்வி அது.

வியாழக்கிழமை பிள்ளைகள் வந்தார்கள். அதே இரட்டைச் சடைச் சிறுமி முதல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். பூனை நடந்து வந்து நின்றது. “ஒலி” என்றது யாழினியின் குரல். சிறுமி காதருகே கையை வைத்துக்கொண்டாள், திரையில் இருந்த பாட்டியைப் போலவே. பிறகு சரியான பக்கம் அழுத்தினாள். இர்ஃபான் என் தோளைத் தட்டினான்.

பன்னிரண்டாவது சொல்லும் முடிந்தது. பூனை வீட்டுக்குள் போய்ச் சுருண்டு படுத்தது. “இன்னொரு தடவை!” என்று அவள் கத்துவாள் என எதிர்பார்த்தேன். அவளோ உதட்டின்மேல் விரலை வைத்து, “உஷ்! பூனை தூங்குது” என்று பின்னால் நின்றவனிடம் சொல்லிவிட்டு, நாற்காலியிலிருந்து மெல்ல இறங்கினாள்.

நான் இன்றும் விளையாடுகிறேன். அதை விட்டுவிடவில்லை, விடவும் விரும்பவில்லை. வீட்டுப்பாடம் முடிந்த பிறகு இரண்டு ஆட்டம். தொடங்கும்போதே என் நண்பர்களிடம், “எனக்கு இரண்டுதான்” என்று சொல்லிவிடுவேன். முதலில் கேலி செய்தார்கள். இப்போது வெய் ஜியேயும் அப்படியே சொல்கிறான். சில இரவுகளில் மூன்றாவது ஆட்டத்திற்குக் கை நீளும். அப்போதெல்லாம் கைத்தொலைபேசியைக் கூடத்தில் பாட்டியின் கட்டிலருகே வைத்துவிட்டு வருவேன்.

“என்ன ஐயா, இன்று சீக்கிரமே வந்துவிட்டாய்?” என்று பாட்டி கேட்பார்.

“பூனை தூங்கிவிட்டது பாட்டி” என்பேன். அவருக்குப் புரியாது. ஆனாலும் சிரிப்பார்.

அருஞ்சொற்பொருள்

தாதி – நோயாளிகளைக் கவனித்துக்கொள்ளும் மருத்துவப் பணியாளர்
நிரல் – கணினி செய்ய வேண்டியவற்றை வரிசையாகக் கூறும் கட்டளைத் தொகுப்பு
விசை – கணினியில் எழுத்துகளையும் கட்டளைகளையும் இட அழுத்தும் பொத்தான்
வாளை – ஒருவகை மீன்
பருவம் – இணைய விளையாட்டில் போட்டிகள் நடைபெறும் குறிப்பிட்ட காலப்பகுதி
தகுதிநிலை – திறமைக்கேற்ப ஆட்டக்காரருக்கு வழங்கப்படும் படிநிலை
அலைக்கழித்தல் – தொல்லை கொடுத்து வருத்துதல்
காதைத் தீட்டிக் கேட்டல் – மிகுந்த கவனத்துடன் கேட்டல்

கருத்தறிதல் வினாக்கள்

1. உயர்நிலை ஒன்றில் கவினுக்கு நண்பர்கள் எவ்வாறு கிடைத்தார்கள்?
2. ஞாயிற்றுக்கிழமை இரவு கவின் விளையாட்டை நிறுத்தாததற்குரிய ஐந்து காரணங்களைக் குறிப்பிடுக.
3. “திட்டியிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்” என்று கவின் கூறுவது ஏன்?
4. விளையாட்டு ஆர்வத்திற்கும் விளையாட்டுக் கோளாற்றுக்கும் உள்ள வேறுபாட்டை அக்கா எவ்வாறு விளக்குகிறார்?
5. பூனை பாதையின் தொடக்கத்திற்கே ஓடியதற்குக் காரணம் என்ன? கவின் அதை எப்படிச் சரிசெய்தான்?
6. தூங்கும் பூனையை வரையும்போது கவின் பக்கத்தில் அமர வேண்டும் என்று இர்ஃபான் ஏன் கேட்டிருக்கலாம்? உன் கருத்தை எழுதுக.

இணைந்து செய்வோம்

அ. பின்வரும் சோடிச் சொற்களை உங்கள் நண்பரிடம் உரக்கக் கூறுங்கள். அவர் கேட்ட சொல்லைச் சரியாக எழுதுகிறாரா என்று பாருங்கள். பிறகு ஒவ்வொரு சொல்லையும் வாக்கியத்தில் அமைத்து எழுதுங்கள்: தலை–தழை, வலி–வழி, குலம்–குளம்.

ஆ. நீங்கள் அடிக்கடி விளையாடும் ஒரு விளையாட்டைத் தேர்ந்தெடுங்கள். ‘இன்னும் ஓர் ஆட்டம்’ என்று உங்களை எண்ண வைப்பவை எவை? கவின் எழுதியதைப் போல ஒரு தாளில் பட்டியலிடுங்கள். அந்த விளையாட்டுக்கு நீங்களே ஒரு முடிவு வைப்பதானால் அது எப்படி இருக்கும்? குழுவினருடன் கலந்துரையாடி வகுப்பில் படைத்துக் காட்டுங்கள்.